ஏழாம் நம்பர் மெஷின் வந்த படம்

நான் சினிமாவில் பார்த்த முதல் டைப்ரைட்டர் ஒரு ஜமீன்தாரின் மேசையில் இருந்தது. அதன் மேல்மூடியை யாரும் எடுக்கவில்லை. குமாஸ்தாவாக நடித்தவர் மூடிக்கு மேலேயே விரல்களைத் தட்டிக்கொண்டு ஜமீன்தாருக்குப் பதில் சொன்னார். கொட்டகை முழுவதும் அவர் பேச்சுக்குச் சிரித்தது. எனக்கு அதற்குப் பிறகு கதை மனதில் ஏறவில்லை. மூடியை எப்போது எடுப்பார்கள் என்று கடைசி வரை காத்திருந்தேன். எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். வாரம் முழுவதும் மனுவும் நோட்டீசும் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பகல் ஆட்டத்துக்குப் போய் அங்கேயும் டைப்ரைட்டரையே தேடுவேன். "பஸ் ஓட்டறவன்கூட லீவு நாள்ல பஸ் ஸ்டாண்டுல போய் உக்கார மாட்டான்டா" என்பாள் அக்கா.

எந்த நாட்டு மெஷின், ரோலர் எவ்வளவு நீளம், காகிதம் செருகியிருக்கிறதா, இதெல்லாம் திரையில் வந்த உடனே பார்த்துவிட வேண்டும். சினிமாவில் டைப்ரைட்டர் அதிக நேரம் நிற்காது. கதாநாயகியின் முகத்துக்குப் போய்விடுவார்கள். மணிதான் என்னை அதிகம் வதைத்தது. வரி முடியப்போகும்போது அடிக்க வேண்டிய மணி, சினிமாவில் இரண்டு எழுத்து தட்டியதும் அடிக்கும். ஒரு படத்தில் இங்கிலீஷ் மெஷினில் தடதடவென்று அடித்து உருவிய காகிதத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். அதில் அச்சாபீசில் கோத்த தமிழ் எழுத்து. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "சும்மா இருங்க சார், அவளே அப்பன் செத்த துக்கத்துல இருக்கா" என்றார் அவர்.

விலைக்கு வாங்கிச் சேர்க்க எனக்கு வசதியும் இல்லை, வைக்க இடமும் இல்லை. பார்த்ததுதான் என் சேமிப்பு. எங்கும் எழுதி வைத்ததில்லை. படுத்தால் வரிசையாக வந்து நிற்கும். ஒன்று குறைந்தால் தூக்கம் வராது, மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த வருஷம் அந்த வரிசையில் முப்பத்தெட்டு இருந்தன. முப்பத்தாறாவது மெஷின் என் மச்சானைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுப்பவரும் அவரே, மெஷின் ரிப்பேர் பார்ப்பவரும் அவரே. பதினொரு மெஷின்கள். முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி. நிலமும் கிணறும் உள்ளவர். மகனுக்காக அந்த இன்ஸ்டிடியூட்டை வாங்கினார். மகன் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முதலாளி மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி வந்து மெஷின்களைப் பார்த்துவிட்டுப் போவார். டைப் அடிக்கத் தெரியாது. மாட்டைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார்.

அப்போது சேலத்துக்குப் படம் எடுக்க வந்துபோகும் சின்னக் கம்பெனிகள் இருந்தன. அப்படி ஒன்று ஆபீஸ் காட்சிக்காக மூன்று மெஷின்களை வாடகைக்குக் கேட்டது. முதலாளி சரி என்றார். மறுநாள் கம்பெனி ஆள் ஒருவன் தனியாக வந்து, பழைய காலத்து மெஷின் இன்னொன்று வேண்டும், முதலாளியிடம் பேசியாயிற்று என்றான். மச்சான் அதை நம்பி ஏழாம் நம்பரைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்த பழைய அமெரிக்க மெஷின் அது. ஒரு பக்கக் கண்ணாடி எப்போதோ உடைந்து, குளியலறை ஜன்னலுக்குப் போடும் பூப்போட்ட கண்ணாடியை வெட்டி மச்சான் பொருத்தியிருந்தார். திரும்பி வந்தவை மூன்றுதான். பழைய மெஷின் இன்னும் ஒரு காட்சிக்கு வேண்டியிருக்கிறது என்றார்கள். பிறகு கம்பெனி ஊரை விட்டே போய்விட்டது. மெட்ராஸ் விலாசத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, வாங்கியது மூன்று, கொடுத்தது மூன்று என்று ஒரு கார்டு வந்தது.

அந்த வருஷம் கிணற்றை ஆழப்படுத்தும் வேலையில் முதலாளி பல மாதங்கள் சேலத்துப் பக்கமே வரவில்லை. அவர் அடுத்த முறை வந்தபோது காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆறாம் நம்பரைத் தொட்டார். அடுத்ததைத் தொடக் கை நீட்டினார், அங்கே வெறும் மேசை.

"வாத்தியாரே, இங்கிருந்த மிஷினு எங்க போச்சுதுங்க?"

மச்சான் நடந்ததைச் சொன்னார். பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நா மூணுக்குத்தானுங்களே சரின்னேன்."

"உங்ககிட்ட பேசிட்டதா அந்த ஆள் சொன்னானுங்க."

"என்றகிட்ட ஆரும் பேசலீங்க. கம்பெனிக்காரன் மூணுங்கறான். நீங்க நாலுங்கறீங்க. வித்துப்போட்டீங்களா வாத்தியாரே? வித்திருந்தா சொல்லிப்போடுங்க."

சேலத்துக்காரர்கள் கோபம் வந்தால் மரியாதையை விட்டுவிடுவார்கள், அது பழகியது. இவர் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டுக்கொண்டே திருடன் என்றதைத்தான் மச்சானால் தாங்க முடியவில்லை. ஆடி நோம்பிப் பண்டிகை வரை பார்ப்பேன், அதற்குள் மெஷின் வராவிட்டால் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலை வகுப்பில் அக்காவின் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி படித்தாள். அவள் வீட்டில் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் பங்குக் கோயில் சனம் முழுவதுக்கும் தெரிந்துவிட்டது. கோயிலில் அக்கா உட்கார்ந்த பாயில் வழக்கமாக ஆறு பேர் உட்காருவார்கள். அன்று அக்காவோடு சேர்த்து மூன்று பேர். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து எண்ணினேன். அக்கா காணாமல்போன பொருளை மீட்டுத் தரும் அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவத்தி ஏற்றினாள். சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். மச்சான் பேசுவதைக் குறைத்துவிட்டார்.

எனக்குத் தாமதமாகத்தான் பொறி தட்டியது. ஒரு நாள் தட்டில் போட்ட சோற்றை அக்கா அப்படியே மூடி வைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முப்பத்தாறாவது மெஷின் மனதில் வந்து நின்றது. சில மாதங்களுக்கு முன் சேலத்தில் பார்த்த படம். மில் மானேஜரின் அறை. கதாநாயகியின் அப்பா வேலை கேட்டுக் கும்பிடுகிறார். ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட். அவள் முன்னால் கண்ணாடி வைத்த பழைய மெஷின், ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் மங்கல். பார்த்தபோது விளக்கு வெளிச்சம் படவில்லை என்று நினைத்து எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

மச்சானும் நானும் முதலாளி வீட்டுக்கே போனோம். அவர் களத்தில் நிலக்கடலை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"படத்துல பாத்தியா சாமி?"

"ஆமாங்க ஐயா."

"படத்துல நா எமனைக்கூடப் பாத்திருக்கேன். எருமை மேல வந்தான். அதுக்காவ ஊட்டுக் கதவச் சாத்திக்கிட்டா இருக்கேன்?"

களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. "நீங்களே ஒருக்கா வந்து பாருங்க. அது நம்ம மெஷின் இல்லேன்னு நீங்க சொன்னா நானே உங்களோட ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்றார்.

முதலாளி கடலை ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்றார். "ஒருக்கா வாரேன். ஒருக்காத்தானுங்க" என்றார்.

படம் எப்போதோ சேலத்தை விட்டுப் போயிருந்தது. விநியோக ஆபீசில் விசாரித்ததில், இந்தப் பக்கத்தில் சுற்றும் ஃபிலிம் பெட்டிகள் இரண்டுதான் என்றார்கள். ஒன்று சங்ககிரி டூரிங் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியை அழைத்துப் போகும் முன் நாங்கள் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று சங்ககிரிக்குப் பஸ் ஏறினோம்.

கொட்டகையில் பாதிக்கு மேல் லாரிக்காரர்கள். நான் மூங்கில் கால்களை எண்ணிக்கொண்டு இருந்தேன்; அப்படியாவது மனம் ஒரு இடத்தில் நிற்கும். கதாநாயகியின் பாட்டு முடிந்தது. அப்பா மில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். அடுத்த கணம் தெருவில் நின்று அழுதுகொண்டிருந்தார். மானேஜர் இல்லை, அறை இல்லை, மெஷின் இல்லை.

மச்சான் என் கையைப் பிடித்தார். "மாப்ளே, இதுதானா?"

படம் முடிந்ததும் ஆபரேட்டரைப் போய்ப் பார்த்தேன். கார்பன் புகை முகத்தில் அப்பிய ஆள். நிதானமாகச் சொன்னார்.

"அது வெறும் பேச்சு சீனுங்க. அதுக்கே பாதி சனம் பீடி பத்தவெக்கப் போயிருது. ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சுதான் லாரிக்காரங்க வண்டி எடுக்கோணும். நேரமாச்சுன்னா மொதலாளி சத்தம் போடுவாரு. பாட்டுல கை வெச்சா இவங்க என்னை அடிப்பாங்க. அதான் அதை எடுத்துட்டேங்க."

"எடுத்த ஃபிலிம் எங்கே?"

"கிழிச்சுப் பசங்களுக்குக் குடுத்தாச்சுங்க. லென்ஸ் வெச்சுப் பாப்பாங்க."

கொட்டகைக்கு வெளியே மண்ணில் ஃபிலிம் துண்டுகள் கிடந்தன. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நானும் மச்சானும் குனிந்து பொறுக்கினோம். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தோம். ஒன்றில் குதிரை, ஒன்றில் யாரோ ஒருத்தியின் காது. பலகாரம் விற்றவர் "என்னத்தத் தொலைச்சீங்க?" என்று கேட்டார். மச்சான் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்.

மிச்சம் இருந்தது இரண்டாவது பெட்டி. அது ஆத்தூரில் இறங்கப்போகிறது, அங்கே ஓடி முடிந்ததும் மெட்ராசுக்குத் திரும்பிவிடும் என்றார்கள். நோம்பி நெருங்கிவிட்டது. முதலாளி சனிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பார்க்க எனக்கு வக்கீல் லீவு தரவில்லை. மச்சானிடம் வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

"வேண்டாம் மாப்ளே. அதுலயும் இல்லேன்னு முன்னாடியே தெரிஞ்சுட்டா, அவரோட பஸ்ல பக்கத்துல உக்காந்து என்னால வர முடியாது."

அதனால் பார்க்காமலேயே போனோம். சனிக்கிழமை சேலம் பஸ் ஸ்டாண்டில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வழியில் ஒரு வார்த்தைகூட மெஷினைப் பற்றிப் பேசவில்லை. வாழப்பாடி தாண்டியதும் ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்து, இந்தப் பக்கம் மரவள்ளி நன்றாக இருக்கிறது என்றார். மச்சான் "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். நான் சங்ககிரி ஆபரேட்டரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஆத்தூரிலும் கடைசி பஸ் உண்டு, கடைசி பஸ்ஸுக்குப் போகிற சனமும் உண்டு. அங்கேயும் ஒரு ஆபரேட்டர் கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பார்.

இருட்டியதும் முதல் ஆட்டம் தொடங்கியது. பெஞ்ச் டிக்கெட். முதலாளி நடுவில், இரு பக்கமும் நாங்கள். அந்தப் பெட்டி எத்தனை ஊர் பார்த்ததோ, கீறல் விழுந்து திரை முழுவதும் மழை. எல்லோருடைய முகத்திலும் கோடு கோடாக இறங்கியது. ஒரே ப்ரொஜெக்டர், படம் நான்கு பாகமாக ஓடும், மூன்று இடைவேளை. எங்கள் காட்சி மூன்றாம் பாகத்தில், பாட்டுக்கு அடுத்து. இரண்டு பாகங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. முதலாளி கதைக்குள் போய்விட்டார்.

"இவ எதுக்குங்க அழுவறா?"

"மாமியார் நகையைப் புடுங்கிட்டாங்க ஐயா."

"புருசங்காரன் எங்க போனான்?"

"ரங்கூனுக்குங்க."

"போறவன் நகையப் பொறந்த ஊட்டுல வெச்சுட்டுப் போவோணும்" என்றார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "பெரியவரே, அவகிட்ட சொல்லுங்க, எங்ககிட்ட சொல்லாதீங்க" என்றார்.

மூன்றாம் பாகம். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் திரை வெள்ளையாகியது. ஃபிலிம் அறுந்துவிட்டது. விசில் பறந்தது. தரை டிக்கெட்டில் யாரோ ஆபரேட்டரின் பரம்பரையை விசாரித்தார். ஒட்டும்போது எவ்வளவு வெட்டுவார்கள்? ஒரு சாணா, ஒரு முழமா? அந்தப் பக்கம் மச்சானைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. முதலாளி, "பாட்டு நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லிக்கொண்டு பின்னால் திரும்பி ப்ரொஜெக்டர் அறையைப் பார்த்தார்.

மறுபடி ஓடியது. பாட்டின் பாதியைக் காணோம். அப்பா நடந்து வருகிறார். மில் வாசல். செருப்பைக் கழற்றுகிறார். கதவில் கை வைக்கிறார்.

கதவு திறந்தது. மானேஜர் அறை இருந்தது.

"ஐயா, அந்தா, மேசை மேல" என்றேன். மச்சான் கண்ணைத் திறந்தார். டைப்பிஸ்டின் முகம் தெரிவதற்காக மெஷினின் பின்பக்கம் எங்களை நோக்கி இருந்தது. பக்கக் கண்ணாடியைத் தேடினேன். மழைக் கோடுகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தன. மானேஜர் முடியாது என்றார். அப்பா கும்பிட்டார். மெஷின் இன்னொரு முறை வந்தது, இன்னும் கிட்டத்தில். கண்ணாடி அப்போதும் பிடிபடவில்லை. அப்பா தெருவுக்கு வந்து அழுதார். காட்சி போய்விட்டது.

பாகம் முடிந்து விளக்கு எரிந்ததும் நான் கேட்டேன்.

"பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேன்."

"அந்தப் பக்கத்துக் கண்ணாடி..."

"கண்ணாடி ஒண்ணும் தெரியலீங்க சாமி. ஒரே மழையா இருந்துது."

மச்சான் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தார். அவருடைய முதுகு என் கண் முன்னாலேயே இறங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முதலாளி தன் வலக்கையை விரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"அந்தப் பட்டை என்றதுங்க, நா போட்டது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஆயுத பூஜைக்கு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே கெட்டிச் சந்தனத்தில் பட்டை போடுவார். வாசலில் நுழைகிறவர்களுக்கு மெஷின்களின் முதுகுதான் தெரியும் என்பதால் முதுகில் போடுவார். வலக்கை நடுவிரலின் நுனி சின்ன வயதில் கரும்பு ஆலையில் போய்விட்டது. அதனால் அவர் இழுக்கிற மூன்று கோட்டில் நடுக்கோடு எப்போதும் பாதியில் நின்றுவிடும். மச்சான் கிறிஸ்தவ வேதக்காரர், முதலாளி போட்ட பட்டையைத் தன் கையால் அழிப்பது சரியல்ல என்று விட்டுவைத்திருந்தார். படக் கம்பெனிக்காரனும் சந்தனத்தைத் துடைக்கப் பயந்திருக்கிறான். கோட்டும் சூட்டும் போட்ட மானேஜரின் மேசையில் சந்தனப் பட்டையோடு ஒரு மெஷின். முப்பத்தெட்டு மெஷின்களைப் பார்த்த நான் அதையும் மழைக் கோடு என்றே நினைத்திருந்தேன். இரண்டு முறை பார்த்தும் கண்ணாடியைத்தான் தேடினேன்.

"மேலயும் கீழயும் முழுக்கோடு, நடுவுல அரைக்கோடு. ரெண்டாந்தடவ நல்லாவே தெரிஞ்சுது" என்றார் முதலாளி. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் பக்கம் திரும்பினார்.

"என்னைக் கேக்காம குடுத்தது தப்புத்தானுங்க வாத்தியாரே."

"தப்புத்தாங்க."

"ஆனா வித்துப்போட்டீங்கன்னு நா சொன்னது..."

முறுக்குக்காரர் அந்தப் பக்கம் வந்தார். முதலாளி அவரை நிறுத்தி மூன்று பொட்டலம் வாங்கினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை மச்சானிடம் நீட்டினார். மச்சான் வாங்கவில்லை.

"அதை எங்க வெச்சுச் சொன்னீங்களோ, அங்க வந்து இதையும் சொல்லணுங்க. பிள்ளைங்க முன்னால."

என் வாயில் முறுக்கு நின்றுவிட்டது. நாற்பது ஏக்கர்க்காரர், வயதில் மூத்தவர், இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறார். இதோடு விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மச்சானின் கை மடியிலேயே இருந்தது. முதலாளியின் கை பொட்டலத்தோடு நீண்டபடியே இருந்தது. விளக்கை அணைத்துவிட்டார்கள். திரையில் கப்பல் வந்தது.

இருட்டில், "வாரேன்" என்று முதலாளியின் குரல் கேட்டது.

பொட்டலம் கைமாறியதா என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மச்சான் பக்கமிருந்து முறுக்குக் கடிக்கும் சத்தம் வந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் முன் நான் இன்ஸ்டிடியூட் மாடிக்குப் போனேன். வரமாட்டார் என்றே நினைத்தேன். ஞாயிறு முழுவதும் வரமாட்டார் என்பதற்கான காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். பத்து மெஷின்களும் தடதடத்துக்கொண்டிருந்தன. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், எதையும் தொடாமல், வாசல் பக்கமே நின்றார்.

"எல்லாரும் சித்த நிறுத்துங்க சாமி."

நிறுத்தினார்கள்.

"ஏழாம் நம்பர் மிஷினு படத்துல நடிக்கப் போயிருக்குதுங்க. வாத்தியாரு குடுத்து அனுப்பிச்சாரு. கம்பெனிக்காரன் திருப்பித் தரல. நா ரெண்டு கண்ணால பாத்துட்டேன். நா இங்க நின்னு சொன்ன பேச்சு தப்புப் பேச்சு. ஆரும் இனி அதைப் பேசப்படாதுங்க."

பின்வரிசையில் ஒரு பையன் மெதுவாக, "எந்தப் படங்க?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது. முதலாளியும் சிரித்துவிட்டு, "பேரு மறந்துபோச்சு. ஒருத்தி அழுதுக்கிட்டே இருப்பா" என்றார். மச்சான் ஸ்கேலால் மேசையைத் தட்டி, "ம், அடிங்க" என்றார்.

அந்த மெஷின் திரும்பி வரவே இல்லை. முதலாளி மெட்ராசுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார், கம்பெனியையே மூடிவிட்டார்கள். பிறகு நான் எத்தனையோ படங்களில் தேடினேன். அறுபதுகளில் எண்ணிக்கை நூறைத் தாண்டியும் அதைக் காணவில்லை.

அன்று காலை ஆபீசுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று அக்கா வீட்டுக்கு ஓடினேன். அடுப்பு பற்ற வைக்காமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முதலாளி சொன்ன வார்த்தைகளை இரண்டு முறை சொல்ல வைத்தாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணு வகுப்புல இருந்தாளா?"

"இருந்தா. முதல் வரிசைல."

"காதுல விழுந்திருக்குமா?"

"நேரா அவருக்கு எதிர்லதான் உக்காந்திருந்தா."

அக்கா எழுந்து தெருக்கதவைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் வகுப்பிலிருந்து வந்திருக்கவில்லை. "வரட்டும்" என்று கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்து, எனக்கும் சேர்த்து அரிசி அளந்தாள்.